ஒற்றை வரியும் தமிழ் அகப்பக்கங்களும்: வழங்கி அமைவுக் கோப்புகளின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

தமிழ் இணையத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் எழுத்துருக்களின் வரலாற்றையும் விசைப்பலகைகளின் வரலாற்றையும் எழுதி நிறைவு கொள்கின்றனர். 1995ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அமரர் நா. கோவிந்தசாமி அவர்கள் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியது, நம் நாட்டின் முத்து நெடுமாறன் அவர்கள் முரசு அஞ்சலை உருவாக்கியது, 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த மாநாடுகள், 2000ஆம் ஆண்டு உத்தமம் அமைப்பு தோன்றியது, 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது என்று அவ்வரலாறு விரியும். இவை யாவும் போற்றுதற்குரியவை. ஆயினும் இவற்றுக்கிடையே ஓர் அத்தியாயம் எவராலும் எழுதப்படாமலே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது வழங்கிக் கணினிகளின் அமைவுக் கோப்புகளைப் பற்றியது.

எழுத்துருவும் சரி, தட்டச்சும் சரி, ஆசிரியர் எழுதிய தமிழும் சரி. இருந்தும் பக்கம் சிதைந்து தெரியும். பிழை எங்கோ தொலைவில், நாம் கண்ணால் காணாத ஒரு கணினியில், நாம் தொட அனுமதியில்லாத ஒரு கோப்பின் ஒற்றை வரியில் இருக்கும். 2000க்குப் பிந்திய பத்தாண்டுகளில் தமிழில் அகப்பக்கம் நடத்திய பலர் இத்துன்பத்தை அனுபவித்தனர். காரணம் அறிந்தவர் சிலரே.

கணினித் துறையைச் சாராத ஆசிரிய நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாம் ஓர் அகப்பக்கத்தைத் திறக்கும்போது அதனை நமக்கு எடுத்துத் தருகின்ற கணினியை வழங்கி என்கிறோம். அவ்வழங்கி எந்த அடைவிலிருந்து கோப்புகளை எடுக்க வேண்டும், எவருக்குத் தரலாம், எவருக்கு மறுக்க வேண்டும், தரும்போது என்ன குறிப்புடன் தர வேண்டும் என்பனவெல்லாம் ஒரு சாதாரண உரைக் கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். அதுவே அமைவுக் கோப்பு. வழங்கி நிரல் தொடங்கும்போது அதனைத் தலையிலிருந்து கால்வரை படித்து, அதன்படி நடக்கும்.

இவ்வழக்கத்தின் ஊற்றுக்கண் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அங்கிருந்த என்சிஎஸ்ஏ என்னும் மையத்தில் ராபர்ட் மெக்கூல் என்பவர் 1993இல் எழுதிய வழங்கி நிரலுக்கு மூன்று அமைவுக் கோப்புகள் இருந்தன. 1994இன் நடுவில் அவர் அம்மையத்தைவிட்டு விலகியதால் நிரலைப் பேணுவார் இல்லாமற்போயிற்று. அதனைப் பயன்படுத்தி வந்த வழங்கி மேலாளர்கள் தத்தம் திருத்தங்களை மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்டு, 1995 ஏப்ரலில் தம் முதல் பொது வெளியீட்டைக் கொணர்ந்தனர். அதற்கு அப்பாச்சி எனப் பெயரிட்டனர். அமெரிக்கப் பூர்வகுடியினரின் பெயர் அது. 'ஒட்டுப் போட்டது' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சிலேடையும் அதில் ஒளிந்துள்ளது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் 1.0 பதிப்பு வெளிவந்தது. ஓராண்டுக்குள் உலகில் மிகுதியாகப் பயன்படும் வழங்கி நிரலாக அது உயர்ந்தது. என்சிஎஸ்ஏயின் மூன்று கோப்புகளும் அதற்குச் சீதனமாக வந்தன. பின்னர் அவை ஒரே கோப்பாக இணைந்தன.

அமைவுக் கோப்பில் ஒரு சொல் பிழைத்தால் வழங்கி எழவே எழாது. வாடகை வழங்கி ஒன்றில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். ஒரு வரியின் பிழையால் அத்தனையும் ஒரே நொடியில் இருண்டுவிடும். எனவே வழங்கியை மறுதொடக்கம் செய்வதற்கு முன்பே கோப்பைச் சோதித்துப் பார்க்கும் வசதியொன்றை அப்பாச்சியார் 1.3 வரிசையில் வைத்தனர். கட்டளை கொடுத்தால், பிழையிருப்பின் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று சுட்டும். அறியாத சொல்லாயின், எழுத்துப் பிழையோ, அல்லது அதற்குரிய கூறு சேர்க்கப்படவில்லையோ என்று ஐயம் தெரிவிக்கும். பிழையில்லையேல் தொடரமைப்புச் சரி என்று இரண்டே சொற்களில் விடை தரும்.

இங்கேதான் தமிழாசிரியர் சற்று நிற்க வேண்டும். தருமியின் பாடலில் நக்கீரர் கண்டது சொற்குற்றமன்று, பொருட்குற்றம் என்பதை நாம் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! அந்தச் சோதனைக் கட்டளை சொற்குற்றம் மட்டுமே பார்க்கும். பொருட்குற்றம் அதன் கண்ணுக்குத் தெரியாது. இந்த அகப்பக்கங்கள் எல்லாம் மேலை ஐரோப்பிய எழுத்துகளால் ஆனவை என்று அமைவுக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு, அடைவு முழுவதும் தமிழ்ப் பக்கங்களை நிரப்பி வைத்தாலும் அது சரி என்றே சொல்லும். யூடிஎஃப் என்பதை யூஎஃப்டி என்று தடுமாறி எழுதினும், எழுத்துத் தொகுதியின் பெயர் மெய்யானதா என்று அது கேட்பதில்லை. தமிழ்ப் பக்கங்களைச் சிதைத்த வரி, இலக்கண வழுவே இல்லாத வரி.

அவ்வரி எப்படி வந்தது என்பதைச் சொல்வதற்குமுன், எழுத்துகள் வலையில் பயணம் செய்யும் முறையைச் சொல்லியாக வேண்டும். கணினி அனுப்புவது எண்களையே. அவ்வெண்களை எந்த அட்டவணையைக் கொண்டு எழுத்தாக்குவது என்பதை உலாவிக்கு யாரேனும் சொல்ல வேண்டும். பக்கத்தை எழுதியவர் அதன் தலைப்பகுதியில் 'மெட்டா' என்னும் குறியால் சொல்லலாம். அல்லது வழங்கியே பக்கத்தை அனுப்புமுன் ஒரு முன்குறிப்பில் சொல்லலாம். இருவரும் முரண்பட்டால்? 1997 டிசம்பரில் வெளிவந்த எச்டிஎம்எல் 4.0 வரையறை ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்பளித்தது: வழங்கியின் சொல்லே முதன்மை, எழுதியவரின் சொல் அடுத்ததே. அஞ்சலுறையின்மேல் அஞ்சல்காரர் எழுதியது உள்ளே கடிதம் எழுதியவரின் கூற்றை வென்றுவிடும் என்பது போன்ற ஏற்பாடு. ஒன்றும் சொல்லப்படாவிடில் ஐஎஸ்ஓ-8859-1 என்னும் மேலை ஐரோப்பிய அட்டவணையே என்று கொள்க என எச்டிடிபி 1.1 வரையறையும் எழுதி வைத்திருந்தது. அந்த இயல்பமைவு 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது.

1990களின் இறுதியில் தமிழ்ப் பக்கங்கள் பெரும்பாலும் எட்டு நுண்மிக் குறியேற்றங்களில் இருந்தன. மின்னஞ்சல் குழுவில் கூடிப் பேசி உருவாக்கப்பட்ட திஸ்கி, தமிழ்நாட்டரசு 1999இல் அறிவித்த தாம், தாப் ஆகியவை அவற்றுள் தலையாயவை. ஆங்கில எழுத்துகளுக்குரிய முதல் 128 இடங்களை விட்டுவிட்டு, எஞ்சிய மேல் 128 இடங்களில் தமிழைக் குடியேற்றுவது திஸ்கியின் வழி. இதற்கு உலாவிகளில் அங்கீகரிக்கப்பட்ட பெயர் இல்லாமையால், 'பயனர் வரையறுத்தது' என்னும் பொதுப் பெயரை மெட்டாக் குறியில் எழுதுவர். வாசகர் தம் கணினியில் அப்பெயருக்குத் திஸ்கி எழுத்துரு ஒன்றைப் பொருத்தி வைத்திருப்பார். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் திஸ்கியிலும் வெளிவந்தன. வழங்கிகள் எழுத்துத் தொகுதியைப் பற்றி வாய் திறவாமல் இருந்தவரை இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது.

2000 பிப்ரவரி 2ஆம் நாள், அமெரிக்காவின் சிஇஆர்டி என்னும் கணினிப் பாதுகாப்பு மையம் எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. பிறர் தளத்தின் வழியாகத் தீய நிரல் வரிகளை வாசகரின் உலாவிக்குள் புகுத்தும் சூழ்ச்சி பற்றியது அது. பக்கம் எந்த எழுத்துத் தொகுதியில் உள்ளது என்று வழங்கி சொல்லாமல் விட்டால் உலாவி ஊகிக்க முற்படும். அவ்வூகத்தைப் பயன்படுத்திக்கொண்டு, தளத்தின் வடிகட்டிக்குச் சாதாரண எழுத்துகளாகத் தோன்றுபவை உலாவியில் கட்டளைகளாக மாறிவிடக்கூடும். ஆகவே எழுத்துத் தொகுதியை வெளிப்படையாக அறிவியுங்கள் என்று அம்மையம் அறிவுறுத்தியது. அதே மாதத்தில் வெளிவந்த அப்பாச்சி 1.3.12 பதிப்பில் 'ஆட்டிஃபால்ட்சார்செட்' என்னும் புதிய கட்டளை சேர்ந்தது. எழுத்துத் தொகுதி குறிக்கப்படாத பக்கங்களுக்கெல்லாம் வழங்கியே ஒரு பெயரைச் சூட்டி அனுப்புவது அதன் வேலை. 2002இல் நிலைபெற்ற 2.0 வரிசையின் மாதிரி அமைவுக் கோப்பில் அக்கட்டளை இயங்கு நிலையிலேயே எழுதப்பட்டிருந்தது. சூட்டப்பட்ட பெயர் ஐஎஸ்ஓ-8859-1.

நோக்கம் நல்லதுதான். அதனை எழுதியோருக்குத் தமிழின்மேல் பகையேதும் இல்லை. தமிழ் அவர்கள் நினைவில் இல்லை என்பதே உண்மை. 2.0 மாதிரிக் கோப்பில் எழுத்துத் தொகுதிகளின் பட்டியலொன்றும் இருந்தது. சீனத்துக்கு உண்டு, சப்பானியத்துக்கு உண்டு, கொரியத்துக்கு உண்டு, உருசியத்துக்கு மூன்று நான்கு உண்டு. தமிழின் எந்தக் குறியேற்றமும் அதில் இல்லை. உருசியரோ, தம் மொழிக்குப் பல குறியேற்றங்கள் இருந்த குழப்பத்தைத் தாமே தீர்க்க முனைந்து, 'உருசிய அப்பாச்சி' என்றே ஒரு தனித் திருத்தப் பதிப்பை நடத்தினர். ஒரே பக்கத்தை வாசகரின் உலாவிக்கேற்ற குறியேற்றத்தில் மாற்றித் தரும் ஆற்றல் அதற்கிருந்தது. நம்மவர் எழுத்துரு மாற்றிகளை எழுதிக் குவித்தனர். வழங்கியின் பக்கம் போனவர் குறைவு. குறை கூறுவதாக எண்ண வேண்டா. வழங்கிகள் நம் கையில் இல்லை என்பதே அடிப்படைக் காரணம்.

காலப் பொருத்தம்தான் பெருங்கேடாயிற்று. 2003ஐ ஒட்டித் தமிழர் திஸ்கியைவிட்டு யூனிகோடுக்குக் குடிபெயரத் தொடங்கினர். விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் யூனிகோடுத் தமிழ் வந்துவிட்டது; இனி எழுத்துரு இறக்க வேண்டா, எவர் கணினியிலும் தமிழ் தெரியும் என்று மகிழ்ந்திருந்த வேளை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகப் பயணம் செய்யும். முதல் பைட்டு எல்லாக் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது பைட்டு இரண்டில் ஒன்று: உயிரெழுத்துகளுக்கும் மெய்களுக்கும் ஒன்று, ஈகாரக் குறி, உகரக் குறி, புள்ளி முதலியவற்றுக்கு மற்றொன்று. இவற்றை மேலை ஐரோப்பிய அட்டவணையால் படித்தால் முதலாவது தலையில் சாய்கோடு ஏந்திய ஆங்கிலச் சிறிய 'ஏ' ஆகும். இரண்டாவது வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' ஆகும். அல்லது வெறும் மேற்கோடு ஆகும். பதிவு பெற்ற வணிகச் சின்னத்தின் அடையாளமாகப் பொட்டலங்களில் காண்கிறோமே, அந்த வட்ட 'ஆர்'தான். திருக்குறள் அதிகாரம் ஒன்றைத் திறந்தால் திரை முழுவதும் வட்ட 'ஆர்' அணிவகுத்து நிற்கும் காட்சியை அக்கால வாசகர் எவரும் மறந்திருக்க மாட்டார்.

மேலும் குழப்பியது ஒன்றுண்டு. அதே கோப்பை எழுதியவர் தம் கணினியிலேயே திறந்தால் தமிழ் செவ்வனே தெரியும். வட்டிலிருந்து நேரே திறக்கும்போது வழங்கியும் இல்லை, முன்குறிப்பும் இல்லை. ஆகவே மெட்டாக் குறியின் சொல் செல்லும். வலையேற்றியபின் திறந்தால் வழங்கியின் சொல் அதனை வென்றுவிடும். 'என் வீட்டில் சரியாக இருக்கிறது, இணையத்தில் கெட்டுவிடுகிறது' என்று திகைத்தோர் எழுத்துருவை மாற்றிப் பார்த்தனர், தட்டச்சு நிரலை மாற்றிப் பார்த்தனர், மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்த்தனர். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

நோயைக் கண்டறிய வழி இல்லாமலில்லை. டெல்நெட் நிரலால் வழங்கியின் 80ஆம் வாயிலைத் தட்டி, 'ஹெட்' என்னும் கோரிக்கையை அனுப்பினால், பக்கத்தைத் தராமல் முன்குறிப்பை மட்டும் அது தரும். அதில் உள்ளடக்க வகை என்னும் வரியைப் பார்த்தால் எழுத்துத் தொகுதியின் பெயர் வெளிப்படும். இன்று கர்ல் கட்டளையாலோ, உலாவியிலேயே உள்ள உருவாக்குநர் கருவிகளாலோ அதே வரியைப் பார்க்கலாம். ஆனால் அன்றைய தளங்களில் கைக்கொள்ளப்பட்ட மருந்து வேறு. 'எழுத்துகள் சரியாகத் தெரியாவிடில் உலாவியின் பார்வைப் பட்டியலில் என்கோடிங் சென்று யூனிகோடைத் தேர்க' என்று முகப்பிலேயே அறிவிப்பு வைப்பர். அதைத் தமிழில் எழுதினால் தெரியாதவருக்குத் தெரியாது. எனவே ஆங்கிலத்தில் எழுதுவர், அல்லது படமாக ஒட்டுவர். தமிழ்ப் பக்கத்தின் வாயிலில் ஆங்கிலக் காவலர்!

இதற்கு நேர் எதிரான சிக்கலும் எழுந்தது. ரெட்ஹாட் வழி வந்த சென்ட்ஓஎஸ் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் அதே ஆட்டிஃபால்ட்சார்செட் வரி யூடிஎஃப்-8 என்று மாற்றி எழுதப்பட்டிருந்தது. யூனிகோடுப் பக்கங்களுக்கு இது வரம்; பழைய திஸ்கிப் பக்கங்களுக்கோ சாபம். திஸ்கியின் மேல் 128 எண்கள் யூடிஎஃப்-8 இலக்கணத்துக்குப் பொருந்தாமையால் உலாவி அவற்றைக் கேள்விக்குறிகளாக்கிக் காட்டும். பழைய வழங்கியில் நன்றாக இருந்த திஸ்கிப் பக்கங்கள் புதிய வழங்கிக்கு மாறியவுடன் சிதைந்தமைக்கு இது காரணமாயிற்று.

சரி, ஒற்றை வரிதானே, மாற்றிவிடலாமே என்பீர்கள். மாற்றுவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி என்னும் கருத்தின் வேரையும் இங்கே தொட்டுவிடுவது நல்லது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிசு ரிட்சியும் உருவாக்கிய யூனிக்சு இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டது. கோப்பின் அனுமதியை மாற்றும் 'சிஎச்மோட்' கட்டளை அதிலேயே உள்ளது. அன்று உரிமையாளர், உரிமையாளரல்லாதார் என இரு பிரிவே. குழு என்னும் நடுப்பிரிவு பின்னர்ச் சேர்ந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண் கொடுத்துக் கூட்டிக்கொள்வர். உரிமையாளர் படித்தெழுதலாம், மற்றோர் படிக்க மட்டும் என்றால் 644. அடைவுக்கு 755, ஏனெனில் அடைவைக் கடந்து உள்ளே செல்லவும் அந்த 1 வேண்டும். ஆண்டு நான்கு மாணவர்க்குக்கூட இக்கூட்டல் விளங்கும்.

வழங்கி நிரல் பாதுகாப்புக் கருதி, யாதோர் உரிமையும் அற்ற ஒரு பெயரில் இயங்கும். பழைய யூனிக்சில் அப்பெயரே 'யாருமில்லை' என்பதுதான். அந்த யாருமில்லாதவர் உங்கள் கோப்பைப் படிக்க 'மற்றோர்' பிரிவின் அனுமதி தேவை. கோப்பு சரியாயிருந்தும், அதற்கு மேலுள்ள அடைவுகளில் ஏதேனும் ஒன்று கடந்து செல்ல அனுமதி மறுத்தால் 403 என்னும் மறுப்பே திரையில் வரும். பலர் கோப்பையே உற்றுப் பார்த்துக் காலம் கழித்தனர். பார்க்க வேண்டியது பாட்டன் அடைவை. இன்றைய அப்பாச்சி 2.4 தன் பிழைப் பதிவேட்டில் பாதையின் ஏதோ ஓர் உறுப்பில் தேடும் அனுமதி இல்லை என்று தெளிவாகவே எழுதிவிடுகிறது. அன்று அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் அனுமதியும் வாடகைக்காரருக்குப் பெரும்பாலும் இல்லை. பொறுமையிழந்தோர் எல்லாவற்றுக்கும் 777 போட்டுவிடுவர். வேலை நடக்கும், கூடவே அதே கணினியில் குடியிருக்கும் எவரும் அக்கோப்பைத் திருத்தவும் வழி பிறக்கும். வீட்டுச் சாவி தொலைந்ததென்று கதவையே கழற்றி வைப்பது போன்ற செயல் அது.

அமைவுக் கோப்பு நிருவாகியின் உடைமை. வாடகைக்காரர் தம் அடைவுக்குள் 'எச்டிஆக்சஸ்' என்னும் சிறு கோப்பொன்றை வைத்து, நிருவாகியின் வரியைத் தமக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றொரு வழியை அப்பாச்சி வைத்திருந்தது. அதற்கும் நிருவாகி 'அலவ்ஓவர்ரைடு' என்னும் வரியில் இசைவு தந்திருக்க வேண்டும். அறவே இசைவில்லை என்றால் சிறு கோப்பை வழங்கி திரும்பியும் பாராது. பிழையென்று ஒரு சொல்லும் வாராது. ஓரளவே இசைவிருந்து, எழுத்துத் தொகுதி பற்றிய பிரிவுக்கு இசைவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம்: இங்கே இதற்கு இடமில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பக்கம் முழுவதையும் 500 என்னும் வழங்கிப் பிழையாக்கிவிடும். ஒரே மருந்து ஓர் ஊரில் குணமாக்கும், ஓர் ஊரில் வெறும் தண்ணீர், மற்றோர் ஊரில் நஞ்சு.

2006இல் யான் மாணவர்க்கான இலக்கணப் பயிற்சித் தாள்களை வாடகை வழங்கியொன்றில் வைத்திருந்தேன். அந்நிறுவனத்தார் புதிய கணினிக்கு மாறியதும் பக்கங்கள் அனைத்தும் வட்ட 'ஆர்' ஆயின. பொது அமைவில் ஒரு வரியை நீக்கும்படி எழுதிக் கேட்டேன். பிற வாடிக்கையாளர் எவரும் முறையிடவில்லை, ஆகவே மாற்ற இயலாது என்று விடை வந்தது. பிற வாடிக்கையாளரின் தளங்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. இரண்டும் உரோமன் எழுத்து, அந்த வரி அவற்றை ஒன்றும் செய்யாது. சிறு கோப்புக்கும் இசைவில்லை. பெரும்பான்மைக்குத் தீங்கற்ற ஓர் இயல்பமைவு சிறுபான்மைக்கு என்ன செய்யும் என்பதை விளங்கவைக்க யான் எழுதிய மடல்கள் நான்கு. பின்னர் வேறு நிறுவனத்துக்கு மாறினேன்.

அனைவரும் இப்படி மாறிக்கொண்டிருக்க இயலாது. 2003 முதல் தமிழ் எழுத்தாளரும் வாசகரும் வலைப்பதிவுகளை நோக்கித் திரண்டமைக்குப் பல காரணம் சொல்வர்: செலவில்லை, மறுமொழி வரும், 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டித் தந்தது. மற்றொன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பிளாகர் சேவை தன் வழங்கிகளில் யூடிஎஃப்-8 என்றே அறிவித்தது. அமைவுக் கோப்பும் இல்லை, அனுமதியும் இல்லை, தமிழ் அப்படியே தெரிந்தது. சொந்தத் தளம் வைத்துத் துன்புற்றவர்க்கு அது பெரும் விடுதலை. விலையும் இருந்தது, வீடு நம்முடையதன்று. 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களும் போயின. இலவச வீடு எப்படி முடியும் என்பதற்கு அது முன்னறிவிப்பு.

அப்பாச்சியார் தம் வரியை மறுபரிசீலனை செய்தனர். தளம் முழுமைக்கும் ஒரே எழுத்துத் தொகுதியைத் திணிப்பதால் நன்மையைவிடத் தீமையே மிகுதி என்னும் காரணத்தைக் குறித்து, மாதிரிக் கோப்பிலிருந்து அவ்வரியை நீக்கினர். 2005 டிசம்பரில் வந்த 2.2 வரிசையின் மாதிரிக் கோப்பில் அது இல்லை. ஆனால் மாதிரி மாறினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வழங்கிகள் மாறிவிடுவதில்லை. பழைய அமைவுக் கோப்பைப் புதிய கணினிக்குப் படியெடுத்துச் செல்வது மேலாளர் வழக்கம். அதனோடு அந்த வரியும் ஆண்டுக்கணக்கில் பயணம் செய்தது.

பின்னர்ச் சிக்கல் தரவுத்தளத்துக்கு இடம் மாறிற்று. சுவீடனில் தோன்றிய மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இயல்பமைவு பல்லாண்டு 'லத்தீன்1'. சொற்களை வரிசைப்படுத்தும் முறை சுவீடிய மொழிக்குரியது. தமிழ்ப் பதிவுகள் சுவீடிய அகரவரிசையின்கீழ் உறங்கிக் கிடந்தன என்பதை நினைக்கச் சிரிப்பு வரும். 2007 மே மாதம் வெளிவந்த வேர்டுபிரசு 2.2 தன் அமைவுக் கோப்பில் தரவுத்தள எழுத்துத் தொகுதிக்கென ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்தது. பழைய தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு அவ்வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதியவர்களின் பதிவுகள் யாவும் சிதைந்து தெரிந்தன. நல்வாய்ப்பாக, வட்ட 'ஆர்' சிதைவு மீட்கத்தக்கது; எண்கள் அழியவில்லை, தவறாகப் படிக்கப்படுகின்றன, அவ்வளவே. அமைவு வரியைத் திருத்தினால் தமிழ் திரும்பும். மீளாதது வேறு வகை: யூனிகோடு இணைப்பின் வழியாக லத்தீன்1 பத்திக்குள் தமிழைச் சேமித்தால், இடமில்லாத எழுத்துகளுக்குத் தரவுத்தளம் உண்மையான கேள்விக்குறிகளையே எழுதிவிடும். அதற்குப் பின் எந்த வரியைத் திருத்தியும் பயனில்லை. வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் நிற்கும் பழைய தமிழ்ப் பக்கங்களை இன்றும் காணலாம். அவற்றின் எழுத்து போனது போனதுதான். தெரிந்தவர் அவற்றைத் திறந்து பார்த்தவுடனே, வட்ட 'ஆர்' எனில் நம்பிக்கை உண்டு, கேள்விக்குறி எனில் நகல் எங்கேனும் உள்ளதா என்று தேடுக என்பர்.

மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பு 2018இல் தன் இயல்பமைவை 'யூடிஎஃப்8எம்பி4' என மாற்றிக்கொண்டது. நான்கு பைட்டு வரை ஏற்கும் முறை அது. அதற்குமுன் 'யூடிஎஃப்8' என்று அத்தரவுத்தளம் அழைத்தது மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்கு மூன்று போதுமே என்று நாம் இருந்தோம். 2019 மார்ச்சில் யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழுக்கென 51 குறிகள் புதிதாகச் சேர்ந்தன: முந்திரி, காணி, மா முதலிய நம் பழைய பின்ன அளவைகளும், நில அளவை, கணக்கு வழக்குக் குறியீடுகளும். முதலிடம் 320இல் ஒரு பங்காகிய முந்திரிக்கு. இவை ஒவ்வொன்றும் நான்கு பைட்டு. பழைய அமைவில் உள்ள தரவுத்தளத்தில், கடுமை காட்டாத முறையில், கல்வெட்டுக் கணக்கொன்றை முந்திரிக் குறியோடு சேமித்தால், அக்குறியிலிருந்து கடைசிவரை உரை வெட்டுண்டு போகும். எச்சரிக்கை ஒன்று பதிவாகும், பார்ப்பவர் யார்?

இவற்றையெல்லாம் ஜொகூரில் இருந்துகொண்டு எழுதும்போது வேறொன்றும் நினைவில் ஓடுகிறது. அன்று நம் பக்கங்களைச் சிதைத்த வழங்கிகள் எந்த நாட்டில் இருந்தன என்றுகூட நமக்குத் தெரியாது. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்து, 2022இல் மீண்டும் கட்டுப்பாட்டுடன் இசைவளித்தது. இடையில் முதலீடுகள் பாலத்தைக் கடந்து இங்கே வந்தன. கூலாய் வட்டாரத்தில் செடெனாக்கில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. செம்பனைத் தோட்டமாயிருந்த கூலாய் யங் தோட்டத்து நிலத்தில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா அமைந்தது. 2023 டிசம்பரில் என்விடியாவுடன் அது கைகோத்ததும் செய்தியானது. தோட்டங்களில் நம் பாட்டன்மார் நிரை பிடித்து நின்ற மாநிலத்தில் இன்று வழங்கிகள் நிரை பிடித்து நிற்கின்றன. நம் பிள்ளைகளுள் சிலர் அவற்றைப் பேணும் பணிக்கும் செல்கின்றனர். அண்மையில் அப்படிச் சேர்ந்த பழைய மாணவர் ஒருவர், அமைவுக் கோப்பைச் சோதித்துச் சரி என்று வந்தபின் வேறென்ன பார்க்க வேண்டும் ஐயா என்று கேட்டார். தமிழ்ப் பக்கம் ஒன்றின் முன்குறிப்பை எடுத்துப் பார், எழுத்துத் தொகுதி என்ன பெயர் சொல்கிறது என்று பார், யாருமில்லாதவர் பெயரில் அக்கோப்பு படிக்க வருகிறதா என்று பார் என்றேன்.

பழைய திஸ்கிப் பக்கங்களின் நிலையே இப்போது கவலைக்குரியது. உலாவிகள் பின்பற்றும் இன்றைய குறியேற்ற வரையறையில் திஸ்கி இல்லை. 'பயனர் வரையறுத்தது' என்னும் பழம்பெயர் உள்ளது. ஆனால் அதன் மேல் 128 எண்களும் யூனிகோடின் தனிப்பயன் பகுதிக்குக் கொண்டு செல்லப்படுகின்றன, பழைய எழுத்துருக்களுக்கு அவை எட்டா. குரோம் உலாவி என்கோடிங் பட்டியலையே நீக்கிவிட்டது. வழங்கி வாய் மூடியிருந்தாலும், சரியான பெயரைச் சொன்னாலும் அப்பக்கங்கள் இனித் தாமாகத் தெரியப்போவதில்லை. மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை யூனிகோடிலும் வெளியிட்டுக் காத்துக்கொண்டனர். தனியார் தளங்களில் திஸ்கியிலேயே நின்றுபோன சிற்றிதழ்களும், மலேசியக் கவிதைத் தொகுப்புகளும், பள்ளி மலர்களும் உங்களிடம் குறுந்தட்டிலோ பழைய வன்வட்டிலோ இருக்குமாயின், கோப்பை உலாவியில் திறந்து சேமித்துவிடாதீர்கள். மூலக் கோப்பை அப்படியே படியெடுத்து வைத்துக்கொண்டு, படியின்மேல் மாற்றியை இயக்குங்கள். மாற்றித் தர யாரும் இல்லையெனில் எனக்கு எழுதுங்கள், விடுமுறையில் செய்து தருகிறேன்.